ஜோசையா வெட்ஜ்வுட்

ஜோசையா வெட்ஜ்வுட் (திருமுழுக்கு: 12 சூலை 1730 – இறப்பு: 3 சனவரி 1795) என்பவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மட்பாண்டக் கலைஞரும் தொழிலதிபரும் ஆவார். பரம்பரைக் குயவர் குடும்பத்தில் பிறந்த இவர், களிமண், மெருகுப் பூச்சு, சூளை வெப்பம் ஆகியவற்றை முறையான சோதனைகளின் மூலம் ஆராய்ந்து, புதிய மட்பாண்ட வகைகளை உருவாக்கினார். பண்டைய கிரேக்க, உரோமக் கலையைப் பின்பற்றி இவர் உருவாக்கிய அலங்காரச் சாடிகள், 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவிய புதுச்செவ்வியல் கலைப்பாணியின் சிறந்த எடுத்துக்காட்டுகளாகக் கருதப்படுகின்றன. பழம்பொருள் சேகரிப்போரின் சாடிகளைப் பார்த்து இவர் செய்த சாடிகள், பிற்காலத்தில் தாமே பழம்பொருட்களாகிச் சேகரிப்போரால் தேடப்படும் பொருட்களாயின. இவர் அடிமை வணிக ஒழிப்பு இயக்கத்தின் ஆதரவாளரும், உயிரியலாளர் சார்லஸ் டார்வினின் தாய்வழிப் பாட்டனாரும் ஆவார்.

இளமைக்காலம்

ஜோசையா வெட்ஜ்வுட் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் உள்ள பர்ஸ்லம் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய பெற்றோர் தாமஸ் வெட்ஜ்வுட், மேரி ஸ்டிரிங்கர் ஆகியோர். பல பிள்ளைகள் கொண்ட அக்குடும்பத்தில் இவரே கடைசிப் பிள்ளை. நல்ல களிமண்ணும் நிலக்கரியும் அருகிலேயே கிடைத்ததால் பர்ஸ்லம் பகுதியில் மட்பாண்டத் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வந்தது. வெட்ஜ்வுட் குடும்பத்தினரும் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலைச் செய்து வந்தனர்.

1739இல் தந்தை இறந்தார். தொழிலகம் மூத்த அண்ணன் தாமசின் பொறுப்பில் வந்தது. 1740களின் தொடக்கத்தில் பர்ஸ்லத்தில் பரவிய பெரியம்மை நோய் சிறுவன் ஜோசையாவையும் தாக்கியது. உயிர் பிழைத்தாலும் வலது முழங்கால் நிலையாகப் பாதிக்கப்பட்டது. 1744இல் அண்ணனிடம் ஐந்தாண்டுக் காலப் பயிற்சியாளாகச் சேர்ந்தார். அக்காலத்தில் குயவரின் சக்கரம் காலால் மிதித்துச் சுழற்றப்பட்டது. வலுவிழந்த காலுடன் நெடுநேரம் சக்கரத்தில் வனைவது இவருக்குக் கடினமாக இருந்தது. இதனால் அச்சு செய்தல், வடிவமைத்தல், மண் கலவைகளையும் மெருகுப் பூச்சுகளையும் சோதித்தல் ஆகியவற்றில் இவருடைய கவனம் திரும்பியது.

தொழில் தொடக்கம்

பயிற்சிக் காலம் முடிந்த பின்னர் அண்ணன் இவரைத் தொழிலில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1754இல் அக்காலத்தின் சிறந்த குயவர்களுள் ஒருவரான தாமஸ் வீல்டனுடன் கூட்டுச் சேர்ந்தார். வீல்டனின் தொழிலகத்தில் புதிய சோதனைகள் செய்ய இவருக்கு உரிமை இருந்தது. 1759இல் சோதனைக் குறிப்பேடு ஒன்றை எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு சோதனைக்கும் எண் இட்டு, சேர்க்கப்பட்ட பொருள்கள், அவற்றின் அளவு, சூளையில் வைக்கப்பட்ட இடம், கிடைத்த பயன் ஆகியவற்றை அதில் குறித்தார். போட்டியாளர்கள் அறிந்துகொள்ளாதிருக்க மூலப்பொருள்களைக் குறியீடுகளால் எழுதினார். தொழில் நுணுக்கங்கள் வாய்மொழியாகவே கைமாறி வந்த காலத்தில் இது புதிய வழக்கமாகும். ஒளிரும் பச்சை மெருகுப் பூச்சு இச்சோதனைகளின் தொடக்கப் பயன்களுள் ஒன்று.

அதே ஆண்டில் பர்ஸ்லத்தில் உறவினருக்குச் சொந்தமான ஐவி ஹவுஸ் தொழிலகத்தை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். சில ஆண்டுகளில் இடம் போதாமல், அவ்வூரிலேயே பெரியதொரு தொழிலகத்துக்கு மாறினார். அங்கு வேலையாட்களை மணியடித்து அழைத்ததால் அது மணித் தொழிலகம் எனப் பெயர் பெற்றது.

1762இல் லிவர்பூல் நகருக்குச் சென்றபோது காலில் அடிபட்டுச் சில வாரங்கள் படுக்கையில் இருக்க நேர்ந்தது. மருத்துவம் செய்த மாத்யூ டர்னர், தம் நண்பரான வணிகர் தாமஸ் பென்ட்லியை இவருக்கு அறிமுகம் செய்து வைத்தார். பென்ட்லி செவ்வியல் மொழிகளையும் கலையையும் கற்றவர். ஐரோப்பாவில் பயணம் செய்தவர். முறையான கல்வி அதிகம் பெறாத வெட்ஜ்வுட்டுக்கு இந்நட்பு பெரும் திருப்புமுனையாக அமைந்தது. இருவரும் பல ஆண்டுகள் இடைவிடாது கடிதம் எழுதிக்கொண்டனர். வெட்ஜ்வுட்டின் கடிதங்களில் பெரும்பகுதி எஞ்சியுள்ளது. அவையே இவருடைய வாழ்க்கையை அறிய உதவும் முதன்மையான சான்றுகளாகும்.

அரசியின் மட்பாண்டம்

சீனாவிலிருந்து வந்த வெண்பீங்கான் அக்காலத்தில் விலை மிகுந்ததாக இருந்தது. அதற்கு மாற்றாக, வெளிர்நிறக் களிமண்ணுடன் சுட்டுப் பொடித்த தீக்கல்லைச் சேர்த்துப் பாலாடை நிற மட்பாண்டங்களை ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் செய்து வந்தனர். வெட்ஜ்வுட் இவ்வகையின் மண் கலவையையும் மெருகையும் செம்மைப்படுத்தினார். இவருடைய கலங்கள் எடை குறைந்தும், நிறம் மாறாமலும், கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடாமலும் இருந்தன.

1765இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி சார்லட் அரசி தேநீர்க் கலங்களின் தொகுதி ஒன்றைச் செய்து தருமாறு கேட்டார். பிற குயவர்கள் தயங்கிய அப்பணியை வெட்ஜ்வுட் ஏற்று முடித்தார். அதன் பின்னர் தம் பாலாடை நிறக் கலங்களை அரசியின் மட்பாண்டம் என்ற பெயரில் விற்க இசைவு பெற்றார். அரசியின் குயவர் என்ற பட்டமும் கிடைத்தது. அரச குடும்பம் பயன்படுத்தும் கலங்களைத் தாமும் வைத்திருக்க வேண்டும் என்னும் விருப்பம் பிரபுக்களிடமும், பின்னர் நடுத்தர மக்களிடமும் பரவியது.

இவ்வகையின் மிகப் பெரிய பணி உருசியப் பேரரசி இரண்டாம் கத்தரீன் கேட்ட உணவுக் கலத் தொகுதியாகும். 1773, 1774 ஆகிய ஆண்டுகளில் செய்யப்பட்ட இத்தொகுதியில் 950க்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன. அவற்றில் பிரித்தானியாவின் மாளிகைகள், இடிபாடுகள், இயற்கைக் காட்சிகள் என 1,200க்கும் மேற்பட்ட காட்சிகள் கையால் தீட்டப்பட்டன. பேரரசியின் மாளிகை தவளைகள் மிகுந்த சதுப்பு நிலத்தில் இருந்ததால் ஒவ்வொரு கலத்திலும் பச்சைத் தவளைச் சின்னம் இடம்பெற்றது. உருசியாவுக்கு அனுப்பும் முன் இலண்டனில் இத்தொகுதி காட்சிக்கு வைக்கப்பட்டது. இதன் பெரும்பகுதி சென் பீட்டர்ஸ்பேர்க்கின் எர்மித்தாசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

கால் அகற்றம்

பெரியம்மையால் பாதிக்கப்பட்ட வலது கால் நாளடைவில் தாங்க முடியாத துன்பத்தைக் கொடுத்தது. 1768 மே 28 அன்று இவருடைய வீட்டிலேயே அறுவை மருத்துவர்கள் அக்காலை முழங்காலுக்கு மேல் அகற்றினர். மயக்க மருந்து அறுவை மருத்துவத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட காலம் அது. இத்தகைய அறுவையில் பலர் இறந்தனர். வெட்ஜ்வுட் சில வாரங்களில் எழுந்து பணிகளைக் கவனிக்கத் தொடங்கினார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் மரக்காலுடன் நடமாடினார். குறைபாடுள்ள கலங்களை இவர் அம்மரக்காலால் நொறுக்கினார் என்னும் கதை பரவலாகச் சொல்லப்படுகிறது.

எட்ரூரியா

1766இல் நியூகாசில்-அண்டர்-லைம் நகருக்கு அருகே பெரிய நிலம் ஒன்றை வெட்ஜ்வுட் வாங்கினார். அதன் வழியாக டிரெண்ட்-மெர்சி கால்வாய் செல்லத் திட்டமிடப்பட்டிருந்தது. மேடுபள்ளமான சாலைகளில் பொதிக் குதிரைகள் மீது கலங்களைக் கொண்டுசென்றபோது பல கலங்கள் உடைந்தன. கார்ன்வால் முதலிய தொலைவான இடங்களிலிருந்து மண்ணைக் கொண்டுவரும் செலவும் அதிகமாக இருந்தது. எனவே கால்வாய்த் திட்டத்தை முன்னின்று ஆதரித்து, அதன் பொருளாளராகவும் பணியாற்றினார். பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி வடிவமைத்த இக்கால்வாய் 1777இல் நிறைவடைந்தது.

புதிய தொழிற்சாலைக்கும் அதனருகே எழுந்த ஊருக்கும் எட்ரூரியா எனப் பெயரிடப்பட்டது. இப்பெயர் இத்தாலியின் பண்டைய எட்ரசுக்கர் நாட்டைக் குறிக்கும். இத்தாலியக் கல்லறைகளில் கிடைத்த வண்ணச் சாடிகள் எட்ரசுக்கர் செய்தவை என்று அப்போது பலர் நம்பினர். அவற்றுள் பெரும்பாலானவை கிரேக்கர்களால் செய்யப்பட்டவை என்பது பின்னரே தெளிவாயிற்று. தவறான கருத்தொன்றிலிருந்து பிறந்த இப்பெயர் நிலைத்துவிட்டது.

1769 சூன் 13 அன்று எட்ரூரியா தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அன்று பென்ட்லி சக்கரத்தைச் சுழற்ற, வெட்ஜ்வுட் தம் கைகளால் ஆறு சாடிகளை வனைந்தார். கால் அகற்றப்பட்டு ஓராண்டே ஆகியிருந்தது. கறுப்பு பசால்ட்டு வகையைச் சேர்ந்த இச்சாடிகளில், எராக்கிளீசு எசுபெரிடீசுத் தோட்டத்தில் இருக்கும் காட்சி செந்நிறத்தில் தீட்டப்பட்டது. எட்ரூரியாவின் கலைகள் மீண்டும் பிறக்கின்றன என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரும் எழுதப்பட்டது. ஆறு சாடிகளுள் நான்கே எஞ்சின. முதல் நாள் சாடிகள் எனப்படும் இவை விற்பனைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றுள் ஒன்று 2016இல் ஏலத்தில் விற்கப்பட்டபோது, நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லும் இசைவைப் பிரித்தானிய அரசு ஒத்திவைத்தது. பின்னர் நிதி திரட்டப்பட்டு ஸ்டோக்-ஆன்-டிரெண்ட் நகர அருங்காட்சியகம் அதனை வாங்கியது.

கிரேக்கச் சாடிகளும் வில்லியம் ஹாமில்டனும்

முதல் நாள் சாடிகளில் இடம்பெற்ற காட்சி, சர் வில்லியம் ஹாமில்டனின் தொகுப்பில் இருந்த கிரேக்கச் சாடியொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஹாமில்டன் 1764 முதல் நேப்பிள்சில் பிரித்தானியத் தூதராக இருந்தவர். தெற்கு இத்தாலியில் தோண்டியெடுக்கப்பட்ட பழஞ்சாடிகளை ஆர்வத்துடன் சேகரித்தார். அவற்றின் வண்ணப் படங்களைக் கொண்ட நான்கு பெருந்தொகுதிகள் 1760களின் பிற்பகுதியிலிருந்து வெளிவந்தன. சாடிகளின் உயரம், விட்டம், வளைவு ஆகியவற்றைக் காட்டும் வரைபடங்களும் அவற்றில் இருந்தன. கைவினைஞர்கள் இவற்றைப் பார்த்துத் தம் கலையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது ஹாமில்டனின் நோக்கம். அந்நோக்கத்தை மிகச் சிறப்பாக நிறைவேற்றியவர் வெட்ஜ்வுட் ஆவார். ஹாமில்டனின் முதல் தொகுப்பை 1772இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது.

கிரேக்கர்கள் செந்நிற மண் மீது கறுப்பு நிறத்தைப் பூசி, உருவங்களை மட்டும் மண்ணின் நிறத்திலேயே விட்டனர். வெட்ஜ்வுட் இதற்கு எதிரான முறையைக் கையாண்டார். மண் முழுவதும் கறுப்பாக இருக்கும் பசால்ட்டுச் சாடியைச் சுட்டு, அதன் மேல் பளபளப்பற்ற செந்நிற வண்ணத்தைத் தீட்டி, குறைந்த வெப்பத்தில் மீண்டும் சுட்டார். இம்முறைக்கு 1769இல் காப்புரிமை பெற்றார். ஹான்லி ஊரைச் சேர்ந்த அம்ப்ரி பால்மர் இதைப் பின்பற்றியதால் வழக்கு எழுந்தது. 1771இல் காப்புரிமையை இருவரும் பகிர்ந்துகொள்வதென உடன்பாடு ஏற்பட்டது. வெட்ஜ்வுட் அதன் பின்னர் தம் மட்பாண்டக் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெறவில்லை.

சாடி மோகம்

1760களின் இறுதியில் இங்கிலாந்தின் செல்வர்களிடையே சாடிகளின் மீது பெரும் மோகம் ஏற்பட்டது. உயர்குடி இளைஞர்கள் கல்விப் பயணமாக இத்தாலிக்குச் சென்று, பண்டைய கலைப்பொருட்களைக் கண்டு திரும்பினர். இராபர்ட் ஆடம் போன்ற கட்டடக் கலைஞர்கள் உரோமப் பாணியில் மாளிகைகளை அமைத்தனர். அம்மாளிகைகளின் கணப்படுப்பு மேடைகளுக்கும் நூலறை அடுக்குகளுக்கும் அதே பாணியிலான சாடிகள் தேவைப்பட்டன. உண்மையான பழஞ்சாடிகளோ அரிதானவை, விலை மிகுந்தவை.

இத்தேவையை வெட்ஜ்வுட் நிறைவு செய்தார். கறுப்பு பசால்ட்டுச் சாடிகளுடன், பல நிற மண்ணைக் கலந்தோ வண்ணங்களைத் தெளித்தோ அகேட்டு, பளிங்கு, பார்பிரி போன்ற கற்களின் தோற்றத்தில் சாடிகளைச் செய்தார். சாடியின் உடல், கழுத்து, அடிப்பகுதி, கைப்பிடி ஆகியவற்றைத் தனித்தனியே செய்து, வெவ்வேறு விதமாக இணைத்ததால், குறைந்த எண்ணிக்கையிலான அச்சுகளிலிருந்து பல வடிவங்கள் கிடைத்தன. புதிய சாடிகளை முதலில் உயர்ந்த விலைக்குப் பிரபுக்களிடம் விற்றார். அவர்களுடைய இல்லங்களில் அவை புகழ் பெற்ற பின்னர் விலையைக் குறைத்து நடுத்தர மக்களிடம் கொண்டுசென்றார்.

இலண்டனில் இவர் அமைத்த காட்சிக்கூடங்களுக்கு வண்டிகளில் திரளாக மக்கள் வந்தனர். காட்சிப் பொருட்கள் அடிக்கடி மாற்றி அடுக்கப்பட்டன. படத்துடன் கூடிய பட்டியல்கள், விற்பனை முகவர்கள், மனநிறைவு இல்லையெனில் பொருளைத் திரும்பப் பெறும் முறை ஆகியவற்றை வணிகத்தில் பயன்படுத்தினார். செருமானிய நாடுகளின் பிரபுக்களுக்கு அவர்கள் கேட்காமலேயே கலங்களை அனுப்பி, விரும்பினால் விலை தருமாறு வேண்டினார். பலர் விலை செலுத்தினர்.

கணக்கும் தொழிலாளரும்

1772இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியில் சாடிகளின் விற்பனை குறைந்து சரக்கு தேங்கியது. அப்போது வெட்ஜ்வுட் ஒவ்வொரு சாடிக்கும் ஆகும் செலவைத் தனித்தனியாகக் கணக்கிட்டார். அச்சு, வாடகை, எழுத்தர் ஊதியம் போன்ற செலவுகள் எத்தனை சாடிகள் செய்யப்பட்டாலும் மாறாதவை என்பதைக் கண்டறிந்தார். எனவே மிகுதியாகச் செய்து விலையைக் குறைப்பதே வழி என்று முடிவு செய்தார். கணக்குகளைச் சரிபார்த்தபோது தலைமை எழுத்தரின் மோசடியும் வெளிப்பட்டது. இக்கணக்கு முறை செலவுக் கணக்கியல் வரலாற்றில் தொடக்கால எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிறது.

எட்ரூரியாவில் ஒரே ஆள் முழுக் கலத்தையும் செய்யும் வழக்கம் கைவிடப்பட்டது. வனைதல், கடைதல், புடைப்பு உருவங்களை ஒட்டுதல், வண்ணம் தீட்டுதல் எனப் பணி பிரிக்கப்பட்டது. நேரந்தவறாமை, தூய்மை, மதுவிலக்கு ஆகியவற்றை வெட்ஜ்வுட் கண்டிப்பாக வலியுறுத்தினார். மீறியோர் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. தொழிலாளர்களுக்கு வீடுகளும் நோய்க்கால உதவி நிதியும் ஏற்படுத்தப்பட்டன. எனினும் உறவு எப்போதும் சுமுகமாக இருக்கவில்லை. 1783இல் உணவுப் பொருட்களின் விலை உயர்ந்தபோது, எட்ரூரியாவில் நின்ற உணவுப் படகொன்றை மக்கள் கைப்பற்றினர். படைவீரர்கள் வரவழைக்கப்பட்டுக் கலகம் அடக்கப்பட்டது, ஒருவர் தூக்கிலிடப்பட்டார். வன்முறையைக் கண்டித்தும், தம் தொழிலால் அப்பகுதி அடைந்த வளத்தை எடுத்துக்காட்டியும் இளம் குயவர்களுக்கு வெட்ஜ்வுட் சிறு நூலொன்றை எழுதினார்.

ஜாஸ்பர் வகை

வெட்ஜ்வுட்டின் மிகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு ஜாஸ்பர் எனப்படும் மட்பாண்ட வகையாகும். மெருகுப் பூச்சு இல்லாமலேயே வழவழப்பாகவும், நுண்மணிகள் செறிந்ததாகவும், மண்ணோடு நிறம் கலந்ததாகவும் உள்ள ஒரு பொருளை உருவாக்க இவர் விரும்பினார். 1770களின் தொடக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான சோதனைகளைச் செய்தார். டெர்பிஷயர் பகுதியில் கிடைத்த பேரியம் சல்பேட்டுக் கனிமமே இறுதியில் வழிகாட்டியது. நீலம், இளம்பச்சை, ஊதா, மஞ்சள், கறுப்பு ஆகிய நிறங்களில் ஜாஸ்பர் செய்யப்பட்டது. அதன் மேல் வெண்ணிறப் புடைப்பு உருவங்கள் ஒட்டப்பட்டன. வெளிர் நீலப் பின்னணியில் வெண்ணிற உருவங்கள் என்பது வெட்ஜ்வுட் என்னும் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வரும் தோற்றமாகும்.

புடைப்பு உருவங்களை வடிவமைத்தோருள் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் முதன்மையானவர். இவர் 1775 முதல் வெட்ஜ்வுட்டுக்காகப் பணியாற்றினார். ஹாமில்டன் தொகுப்பில் உள்ள கிரேக்கச் சாடியொன்றைப் பின்பற்றி, கவிஞர் ஓமர் தெய்வநிலை எய்தும் காட்சியை 1778இல் வடித்தார். இக்காட்சி இடம்பெற்று, மூடியில் பறக்கும் குதிரையான பெகாசசின் உருவத்தைக் கொண்ட நீல ஜாஸ்பர் சாடியொன்றை 1786இல் வெட்ஜ்வுட் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக வழங்கினார். அதன் மூலமான கிரேக்கச் சாடியும் அங்கேயே உள்ளது.

பென்ட்லி 1780 நவம்பரில் இறந்தார். கூட்டுத் தொழிலின் அலங்காரப் பொருட்கள் 1781இல் கிறிஸ்டி ஏல நிறுவனத்தில் விற்கப்பட்டுத் தொகை பங்கிடப்பட்டது.

போர்ட்லண்ட் சாடி

போர்ட்லண்ட் சாடி என்பது உரோமானியர் செய்த கண்ணாடிச் சாடியாகும். கருநீலக் கண்ணாடியின் மேல் வெண்ணிறக் கண்ணாடிப் படலம் இட்டு, அதைச் செதுக்கி உருவங்கள் அமைக்கப்பட்டுள்ளன. உயரம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். இத்தாலியில் இதை வாங்கிய ஹாமில்டன், 1784இல் போர்ட்லண்ட் கோமாட்டியிடம் விற்றார். கோமாட்டி இறந்த பின்னர் 1786இல் நடந்த ஏலத்தில் அவருடைய மகனான மூன்றாம் போர்ட்லண்ட் கோமகனிடம் சாடி சென்றது. அவர் உடனடியாக வெட்ஜ்வுட்டுக்கு இரவலாகக் கொடுத்தார்.

கண்ணாடியில் இருந்ததை மண்ணில் செய்வது எளிதாக இருக்கவில்லை. மூலச் சாடியில் வெண்படலம் மெலிதாகும் இடங்களில் அடியிலுள்ள கருநீலம் புலப்பட்டு நிழல் போலத் தோன்றும். இவ்விளைவை ஜாஸ்பரில் பெற வேண்டியிருந்தது. சோதனைச் சாடிகளில் விரிசல்களும் கொப்புளங்களும் தோன்றின. ஒட்டிய உருவங்கள் சூளையில் பெயர்ந்தன. ஹென்றி வெபர், வில்லியம் ஆக்வுட் ஆகிய சிற்பிகள் இப்பணியில் உதவினர். மூன்றாண்டுக்கு மேற்பட்ட முயற்சிக்குப் பின்னர் 1789இல் நிறைவான முதற்படி கிடைத்தது. அதை நண்பர் எராஸ்மஸ் டார்வினுக்கு அனுப்பினார். 1790இல் இலண்டனில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஓவியர் சர் யோசுவா ரெனால்ட்ஸ் இப்படி மூலத்துக்கு ஒத்திருப்பதாகச் சான்றளித்தார்.

1845 பெப்ரவரியில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பார்வையாளர் ஒருவர் மூலச் சாடியை இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைத்தார். அதை மீண்டும் இணைக்கும் பணிக்கு, அரை நூற்றாண்டுக்கு முன் வெட்ஜ்வுட் செய்த படி துணையாக இருந்தது.

அறிவியல் பணிகள்

வெட்ஜ்வுட், மாத்யூ போல்ட்டன், ஜேம்ஸ் வாட், ஜோசப் பிரீஸ்ட்லி, எராஸ்மஸ் டார்வின் ஆகியோருடன் நெருங்கிப் பழகினார். பர்மிங்காம் பகுதியில் முழுநிலா நாளையொட்டிக் கூடிய நிலாக் கழகத்துடன் இவருக்குத் தொடர்பு இருந்தது. சூளையின் உயர் வெப்பத்தை அளக்க அக்காலத்தில் கருவி இல்லை. நெருப்பின் நிறத்தைப் பார்த்தே குயவர்கள் மதிப்பிட்டனர். களிமண் வெப்பத்தில் சுருங்கும் அளவைக் கொண்டு வெப்பநிலையை அறியும் வெப்பமானியை வெட்ஜ்வுட் உருவாக்கி, 1782இல் வேந்தியக் கழகத்தில் அறிவித்தார். 1783இல் அக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவ்வெப்பமானியின் அளவீடுகள் துல்லியமானவை அல்ல என்பது பின்னர் அறியப்பட்டது.

அடிமை வணிக எதிர்ப்பு

1787இல் இலண்டனில் அடிமை வணிக ஒழிப்புக் கழகம் நிறுவப்பட்டது. வெட்ஜ்வுட் அதன் குழுவில் இணைந்து, அதே ஆண்டில் அதன் சின்னத்தை ஜாஸ்பர் பதக்கமாகச் செய்தார். சங்கிலியால் பிணைக்கப்பட்ட கறுப்பின மனிதர் முழந்தாளிட்டு, தாமும் மனிதரே அல்லவா, உடன்பிறந்தவரே அல்லவா எனக் கேட்கும் தோற்றத்தில் அது அமைந்தது. பதக்கங்கள் விலையின்றி வழங்கப்பட்டன. மக்கள் அவற்றைப் பொடிப்பெட்டிகளிலும் கைவளைகளிலும் கொண்டையூசிகளிலும் பதித்து அணிந்தனர். 1788இல் அமெரிக்காவில் இருந்த பெஞ்சமின் பிராங்கிளினுக்கும் சில பதக்கங்களை அனுப்பினார். பிரித்தானிய நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்த 1807ஆம் ஆண்டு வரை வெட்ஜ்வுட் உயிருடன் இருக்கவில்லை. அடிமைப்பட்ட மனிதரை இரந்து நிற்பவராகவே காட்டுகிறது என்று இப்பதக்கம் பிற்காலத்தில் குறைகூறப்பட்டதும் உண்டு.

குடும்பம்

வெட்ஜ்வுட் 1764 சனவரியில் தூரத்து உறவினரான சாரா வெட்ஜ்வுட்டைத் திருமணம் செய்தார். புதிய கலங்களின் வடிவம், பயன்பாடு ஆகியவை குறித்து மனைவியின் கருத்தை இவர் கேட்பது வழக்கம். மூத்த மகள் சுசன்னா, எராஸ்மஸ் டார்வினின் மகன் இராபர்ட்டை மணந்தார். இவர்களுடைய மகனே சார்லஸ் டார்வின். மகன் இரண்டாம் ஜோசையா தொழிலைத் தொடர்ந்தார். அவருடைய மகள் எம்மா, சார்லஸ் டார்வினை மணந்தார். மற்றொரு மகன் தாமஸ், ஒளிப்படக்கலையின் முன்னோடிச் சோதனைகளைச் செய்தவர்.

மறைவு

ஜோசையா வெட்ஜ்வுட் 1795 சனவரி 3 அன்று எட்ரூரியாவில் உள்ள தம் மாளிகையில் காலமானார். உடல் ஸ்டோக்-அப்பான்-டிரெண்ட் ஊரின் புனித பேதுரு தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. சிறு பங்கு மரபுரிமையுடன் தொடங்கிய இவர், இறக்கும்போது இங்கிலாந்தின் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக இருந்தார்.

சேகரிப்போர்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்ஜ்வுட்டின் சாடிகள் மீதான ஆர்வம் குறைந்திருந்தது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் லிவர்பூலைச் சேர்ந்த பொற்கொல்லர் ஜோசப் மேயர் அவற்றை ஆர்வத்துடன் சேகரித்தார். வெட்ஜ்வுட் நிறுவனத்தின் பழைய ஆவணங்கள் கழிவுத் தாளாக விற்கப்பட்டு, கடைகளில் பொருள் பொதியப் பயன்பட்டதைக் கண்ட அவர், எஞ்சியவற்றை வாங்கிக் காத்தார். எலிசா மெட்டியார்ட் 1865, 1866 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட வெட்ஜ்வுட் வரலாறு இந்த ஆவணங்களின் துணையுடன் எழுதப்பட்டது. பிரித்தானியப் பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனும் வெட்ஜ்வுட் பொருட்களைச் சேகரித்தவரே. சவர்க்காரத் தொழிலதிபர் வில்லியம் லீவர் 1905இல் வாங்கிய பெரும் தொகுப்பு, போர்ட் சன்லைட்டில் உள்ள லேடி லீவர் கலைக்கூடத்தில் உள்ளது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பர்மிங்காம் கலை அருங்காட்சியகத்தின் தொகுப்பும் குறிப்பிடத்தக்கது.

வெட்ஜ்வுட் தம் கலங்களில் தம் பெயரை முறையாகப் பொறித்ததால் காலத்தைக் கணிப்பது ஓரளவு எளிதாகிறது. சேகரிப்போர் கவனிக்கும் சில அடையாளங்கள் பின்வருமாறு:

- வெட்ஜ்வுட், பென்ட்லி ஆகிய இரு பெயர்களும் சேர்ந்து பொறிக்கப்பட்டவை 1769க்கும் 1780க்கும் இடைப்பட்ட அலங்காரப் பொருட்கள். இவையே மிகவும் விரும்பப்படுபவை.
- வெட்ஜ்வுட் என்ற பெயர் மட்டும் உள்ளவை பல காலங்களைச் சேர்ந்தவை. மண்ணின் மென்மை, புடைப்பு உருவங்களின் கூர்மை, கைவேலையின் தரம் ஆகியவற்றைக் கொண்டே பிரித்தறிய வேண்டும்.
- 1860 முதல் பல கலங்களில் செய்யப்பட்ட மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும் மூன்று எழுத்துக் குறியீடு காணப்படுகிறது.
- இங்கிலாந்து என்னும் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டவை, அமெரிக்க இறக்குமதிச் சட்டத்தின் விளைவாக 1891 முதல் செய்யப்பட்டவை.
- ஆங்கிலத்தில் பெயரின் நடுவே கூடுதலாக ஓர் எழுத்துள்ளவையும், பெயருக்குப் பின் நிறுவனத்தைக் குறிக்கும் சொல் சேர்ந்தவையும் பெரும்பாலும் வேறு உற்பத்தியாளர்களுடையவை.

வில்லியம் ஆடம்ஸ், ஜான் டர்னர், அம்ப்ரி பால்மர் போன்ற சமகாலத்தவரும் பசால்ட்டு, ஜாஸ்பர் சாடிகளைச் செய்தனர். அவற்றுள் சில வெட்ஜ்வுட்டின் சாடிகளுக்கு இணையான தரமுடையவை.

தொகுப்பின் மீட்பு

வெட்ஜ்வுட் நிறுவனம் 1940இல் பார்லஸ்டன் என்னும் ஊரில் புதிய தொழிற்சாலையைத் தொடங்கியது. எட்ரூரியாவில் உற்பத்தி 1950இல் முடிவுற்றது. முதல் நாள் சாடிகள், சோதனைக் குறிப்பேடுகள், ஜாஸ்பர் சோதனைத் துண்டுகள், கடிதங்கள் உள்ளிட்ட 80,000க்கும் மேற்பட்ட பொருட்கள் பார்லஸ்டன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன. 2009இல் இவ்வருங்காட்சியகம் பிரித்தானியாவின் ஆர்ட் ஃபண்ட் பரிசைப் பெற்றது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் தாய் நிறுவனமான வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் நொடித்துப் போயிருந்தது. அருங்காட்சியக அறக்கட்டளையின் ஊழியர் சிலரும் அந்நிறுவனத்தின் ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தனர். ஓய்வூதியச் சட்டத்தின்படி, 13.4 கோடி பவுண்டு ஓய்வூதியப் பற்றாக்குறை முழுவதும் அச்சிறிய அறக்கட்டளையின் மீது விழுந்தது. கடனை அடைக்கத் தொகுப்பை விற்கலாம் என 2011இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாடிகளும் ஆவணங்களும் ஏலத்தில் சிதறிப்போகும் நிலை ஏற்பட்டது.

2014இல் ஆர்ட் ஃபண்ட் அமைப்பு 1.575 கோடி பவுண்டு திரட்ட முன்வந்தது. நல்கை அமைப்புகள் பெரும் தொகையை வழங்க, எஞ்சிய தொகைக்காகப் பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குள் முழுத்தொகையும் சேர்ந்தது. வாங்கப்பட்ட தொகுப்பு இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது. எனினும் அது செய்யப்பட்ட ஸ்டாஃபோர்ட்ஷயர் மண்ணை விட்டு அகற்றப்படாமல், பார்லஸ்டனிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.